பெட்டிக்கடையும் பெரிய பெட்டிக் கடையும்



மகள் வீட்டுக்கு, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துச் சிறு ஊர் ஒன்றுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. "அங்கே பொழுது எப்படிப் போகுது டீச்சர்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். காலையில் ஒரு மணி நேரம் மாலுக்குள் நடக்கிறேன். வெளியே பனி, வழுக்கினால் இடுப்பு போய்விடும். அதனால் குளிர்காலத்தில் இங்கே வயதானவர்கள் மாலுக்குள்தான் நடக்கிறார்கள். கடைகள் திறக்குமுன்பே எங்களுக்காகக் கதவைத் திறந்துவிடுவார்கள். ஏழெட்டுப் பேர் இருக்கிறோம்.

போன வாரம் அந்தக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இந்த மாதக் கடைசியோடு மாலை மூடுகிறார்களாம். உள்ளே பாதிக்கு மேல் ஏற்கெனவே ஷட்டர் இறங்கிய கடைகள்தான்.

என்னோடு நடக்கும் அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தத் தாளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "இந்த மால் வந்தபோது ஊருக்குள்ளே எங்க அப்பாவின் செருப்புக் கடையை மூட வேண்டியதாப் போச்சு. அவர் சாகிற வரைக்கும் இதற்குள்ளே கால் வைக்கலை. நான் இப்போ இதுக்காக அழுறேன் பாருங்க."

அந்த ஒரு பேச்சுக்குள் அமெரிக்கச் சிற்றூர்களின் எழுபது வருட வரலாறு இருக்கிறது. சரித்திர டீச்சரால் சும்மா இருக்க முடியுமா? எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முன்பு இங்கே ஒவ்வோர் ஊருக்கும் 'மெயின் ஸ்ட்ரீட்' என்று ஒரு கடைத்தெரு உண்டு. வங்கி, மருந்துக் கடை, சினிமாக் கொட்டகை எல்லாம் அங்கேதான். 1956-ல் மின்னசோட்டா மாநிலத்தில் எடினா என்ற ஊரில் 'சவுத்டேல்' திறந்தது. நாலு பக்கமும் மூடி, குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே வெப்பநிலை வைத்த முதல் மால் அதுதான். வடிவமைத்தவர் விக்டர் குரூயன். ஹிட்லர் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த 1938-ல் வியன்னாவிலிருந்து தப்பி வந்த யூதர். மக்கள் காரை விட்டு இறங்கி நடக்கவும் பேசவும் ஓர் இடம் வேண்டும் என்பதே அவர் ஆசை. கடைசியில் அமெரிக்கா கட்டிய மால்களைப் பார்த்து மனம் கசந்து, இவை என் பிள்ளைகள் அல்ல என்கிற அளவுக்குப் பேசிவிட்டார்.

மால்கள் இப்படிப் பெருகியது மக்கள் விருப்பத்தால் மட்டும் அல்ல. 1954-ல் வந்த வரிச் சட்டம், புதுக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில வருடங்களிலேயே அதிகமாகக் கழித்துக்கொள்ள அனுமதித்தது. பழைய கடையைப் பழுது பார்ப்பதைவிட ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டுவது லாபமாகிவிட்டது. 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டமும் வந்தது. சாலை போன பக்கம் கடையும் போனது. அந்த அம்மாவின் அப்பா தோற்றது இப்படித்தான்.

அடுத்தது 1962. இந்த வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பரீட்சையில் கேட்பேன். வால்மார்ட், கேமார்ட், டார்கெட் மூன்றும் பிறந்தது அந்த ஒரே வருடத்தில். இதில் வேடிக்கை என்னவென்றால், டார்கெட்டைத் தொடங்கியதும் சவுத்டேல் மாலைக் கட்டியதும் ஒரே டேட்டன் கம்பெனிதான். மாலைப் பெற்றவர்களே மாலுக்குப் போட்டியையும் பெற்றார்கள்.

இந்தக் கடைகளை இங்கே 'பிக் பாக்ஸ்' என்கிறார்கள், அதாவது பெரிய பெட்டி. நம் ஊரில் பெட்டிக்கடை என்றால் முறுக்கும் வாழைப்பழமும் தொங்கும் நாலடிக் கடை. இங்கே ஒரு 'பெட்டி' மூன்றரை ஏக்கருக்கு மேல் கூட இருக்கும்!

வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டனும் முதலில் அர்கன்சா மாநிலத்தில் கடைத்தெருவில் சின்னக் கடை வைத்திருந்தவர். மற்றவர்கள் நகரங்களைத் தேடிப் போனபோது அவர் சிற்றூர்களைப் பிடித்தார். நடுவில் ஒரு கிடங்கு. லாரி ஒரு நாளில் போய்வரும் தூரத்துக்குள் சுற்றிலும் கடைகள். செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. 1988-ல் மளிகையையும் காய்கறியையும் சேர்த்து 'சூப்பர் சென்டர்' ஆக்கினார்கள். சட்டை வருடத்துக்கு நாலு முறை வாங்குவோம். பால் வாரா வாரம் வேண்டும். பாலுக்குப் போனவர்கள் சட்டையையும் அங்கேயே வாங்கிவிட்டார்கள்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ஸ்டோன் இதை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். பெரிய கடை வந்த ஊரில் சில வியாபாரம் ஏறியது, சில இறங்கியது. பக்கத்துச் சின்ன ஊர்கள்தான் அதிகம் அடிபட்டன.

மாலுக்குள்ளேயும் ஒரு பலவீனம் இருந்தது. இரண்டு முனையிலும் சியர்ஸ், ஜேசி பென்னி போன்ற பெரிய கடைகள். நடுவில் சின்னக் கடைகள். பெரிய கடை மூடினால் வாடகையைக் குறைக்கலாம், காலி செய்யலாம் என்று பல சின்னக் கடைக்காரர்களின் ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஒரு தூண் விழுந்தால் கூரையே சரியும். இணைய வியாபாரமும் சேர்ந்துகொள்ள, சியர்ஸ் 2018-லும் பென்னி 2020-லும் திவால் மனு கொடுத்தன.

சரி, பெரிய பெட்டியாவது நிலைக்குமா? மேற்கு வர்ஜீனியாவில் மெக்டவல் என்று ஒரு நிலக்கரி மாவட்டம். 1950-ல் ஏறக்குறைய 99 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2010-ல் 22 ஆயிரம். அங்கே கிம்பல் என்ற ஊரில் 2005-ல் திறந்த வால்மார்ட்டை 2016-ல் மூடிவிட்டார்கள். அதற்குள் பழைய கடைத்தெருவும் இல்லை.

யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நான் போட்டு நடக்கும் குளிர் கோட்டே பெரிய பெட்டியில் மலிவாக வாங்கியதுதான். கூலி குறைந்த வீட்டுக்கு அந்த விலை பெரிய உதவி. ஆனால் செருப்புக் கடைக்காரரின் லாபம் அதே ஊரில் செலவானது. மாலில் காசில்லாமலும் உட்காரலாம். இவை இரண்டும் எந்த விலைச்சீட்டிலும் இல்லாததால், போகும்போது யாருக்கும் தெரியவில்லை.

"அத்தை, பெரிய கடைக்குள்ளேயே நடங்களேன்" என்றார் மாப்பிள்ளை. போய்ப் பார்த்தேன். நடக்க இடம் இருக்கிறது. நான் நடந்த வரையில் உட்கார ஒரு பெஞ்சு கண்ணில் படவில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. டெக்சாஸில் மெக்ஆலன் என்ற நகரில் காலியான வால்மார்ட் கட்டடத்தை 2011-ல் பொது நூலகமாக மாற்றிவிட்டார்கள். அந்த அம்மாவிடம் சொன்னேன். "நம்ம ஊரிலும் கேட்டுப் பார்ப்போமே" என்றார். நகர மன்றக் கூட்டம் வரும் வியாழக்கிழமை. நானும் துணைக்குப் போகிறேன்.

அமெரிக்காவில் சின்ன ஊர்களில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் ஊர் மால் இப்போது என்னவாக இருக்கிறது? கீழே எழுதுங்கள். கூட்டத்தில் சொல்ல உதவும்.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்