சேயாற்றங்கரையில் இரண்டு நாள்



யூபிலி ஆண்டின் மகிழ்ச்சியில் திளைத்திருக்கும் நாம், நம் ஆலயத்தின் வரலாற்றோடு நம்மைச் சூழ்ந்துள்ள மண்ணின் வரலாற்றையும் சற்றே புரட்டிப் பார்ப்பது பொருத்தமாகும். இந்நோக்கத்துடன் பீடச் சிறுவரையும் இளைஞர் மன்றத்தாரையும் அழைத்துக்கொண்டு, ஜவ்வாது மலைக்கும் அம்மலையில் பிறக்கும் ஆறு பாயும் செங்கத்துக்கும் இரண்டு நாள் பயணமாகச் சென்று வந்தோம். கண்டவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறோம்.

செய்யாறு என்று இன்று நாம் அழைக்கும் ஆற்றுக்குச் சேயாறு என்பதே பழம்பெயர். ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கத்தைத் தொட்டு, பல ஊர்களின் வயல்களை நனைத்து, இறுதியில் பாலாற்றோடு கலக்கிறது. மலையின் நடுவே உள்ள ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரியில் படகேறியும், பீமன் மடவு அருவியில் நீராடியும் சிறுவர்கள் அடைந்த களிப்புக்கு எல்லையில்லை. மலையில் வாழும் மலையாளி மக்கள் சாமையும் கொள்ளும் விளைவித்து, தேனும் புளியும் சேகரித்து வாழ்பவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் செவிவழிக் கதை.

மாலையில் காவலூர் வானாய்வகத்தின் குவிமாடத்தைக் கண்டோம். வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் இது. 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு இங்குப் பணி தொடங்கியது. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்து வைக்கப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் இங்கிருந்தே காண முடியும் என்பது இவ்விடத்தின் சிறப்பு.

மறுநாள் செங்கம் சென்றோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இந்த ஊரைச் செங்கண்மா என்று கூறுகிறது. இவ்வூர்த் தலைவன் நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிப் பாட்டு அது. எந்த வழி வழுக்கும், எங்கே விலங்குக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் அதில் உண்டு. இன்றைய சுற்றுலாக் கையேடுகளுக்கெல்லாம் அதனை முன்னோடி எனலாம். வழிகள் பிரியும் இடங்களில், போரில் பட்ட வீரரின் பெயரோடு நட்ட கற்கள் பல நிற்கும் என்றும், அவற்றைப் பாட்டால் சிறப்பித்துவிட்டு மேலே செல்லுங்கள் என்றும் புலவர் கூறுவது நம் மனத்தைத் தொட்டது.

இது வெறுங்கற்பனையன்று. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் தேடித் திரட்டினர், இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூல் வெளிவந்தது. பல்லவர் காலத்துக் கற்கள் பல, எழுத்து வட்டெழுத்து. பெரும்பாலும் ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ உயிர்விட்ட எளிய வீரர்களே அவற்றில் நிற்கிறார்கள். எடுத்தனூரில் கிடைத்த, மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று எழுதியும் வைத்தார்கள். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது!

வயலோரம் புளியமரத்தடியில் ஒரு கல்லுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம், “இது யார் பாட்டி?” என்று நம் சிறுவன் ஒருவன் கேட்டான். “வேடியப்பன் கண்ணு. எங்க பாட்டன், முப்பாட்டனெல்லாம் கும்பிட்ட சாமி” என்றார் அவர். எழுத்து அவருக்குத் தெரியாது. ஆயினும் நினைவு அறுபடவில்லை.

திரும்பும் வழியில் நம் மனம் மீண்டும் மலைக்கே சென்றது. சந்தனத்துக்குப் பேர்போன அம்மலையின் மரங்கள் களவால் பெரிதும் அழிந்தன. பிழைப்புத் தேடிக் கூலிக்கு மரம் வெட்ட வெளியே போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழ்த் தொழிலாளர் மாண்டனர். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். சட்டம், குற்றம் என்னும் வழக்குகளை நீதிமன்றங்கள் பேசட்டும். மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கும் அவன் நாய்க்கும் கல் நட்ட நாட்டில், கூலிக்குப் போய் மாண்ட இந்த ஏழைகளின் பெயரை எத்தனை பேர் அறிவோம் என்ற கேள்வியை மட்டும் நாம் விட்டுவிட முடியவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். அப்பக்கம் செல்லும் நம்மவர் நடுகற்களின் மேல் சுண்ணாம்பு பூசாமலும், கீறாமலும், பெயர்த்தெடுக்காமலும் காத்திடுவீர். மற்றொன்று, நம் கல்லறைத் தோட்டத்தில் பெயர்ப்பலகையின்றிக் கிடக்கும் மேடுகள் யாருடையவை என்பதை, அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பீர். இந்த ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்களும் அங்கேதான் உறங்குகிறார்கள். வருகிற நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளுக்குள் அப்பட்டியல் நிறைவு பெறுமானால், இந்த யூபிலிக்கு அதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.