செல்லாத சட்டம் எப்போது சாகிறது?

ஒரு சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்றால், அதை இயற்றவோ தொடரவோ அரசுக்கு அதிகாரமே கிடையாது என்று பொருள். உறுப்பு 13 இதைத்தான் சொல்கிறது. அடிப்படை உரிமைகளோடு மோதும் பழைய சட்டங்கள், மோதும் அளவுக்குச் செல்லாதவை. அப்படிப்பட்ட புதிய சட்டத்தை அரசு இயற்றக் கூடாது. அரசாணை, விதி, சட்ட வலிமை பெற்ற வழக்கம் எல்லாமே இங்கே 'சட்டம்'தான்.

ஆனால், செல்லாத சட்டம் தானாகச் சாவதில்லை. யாராவது நீதிமன்றப் படியேற வேண்டும். யார் ஏறினார்கள், எப்போது ஏறினார்கள் என்று பார்த்தால் சாதியின் வரலாறு தெரியும்.

சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி அரசாணை, ஒவ்வொரு 14 கல்லூரி இடங்களிலும் தலித்துகளுக்கு 2, பிராமணர்களுக்கு 2, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6 எனப் பங்கிட்டது. செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. இருந்தும் அவர் வழக்கு ஏற்கப்பட்டது. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த ஆறே மாதத்தில், 1950 ஜூலையில், உயர் நீதிமன்றம் அரசாணையைச் செல்லாதென்றது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தது. அந்த ஜூனிலேயே முதல் திருத்தம் 15(4)ஐச் சேர்த்தது. சட்ட அமைச்சர் அம்பேத்கர் அதற்காக நாடாளுமன்றத்தில் வாதாடினார். நீதிமன்றம் பறித்ததை மக்கள் போராட்டம் மீட்டது.

இனி சிறைக்கு வாருங்கள். உறுப்பு 17 தீண்டாமையை 1950 ஜனவரி 26 அன்றே ஒழித்துவிட்டது. ஆனால் சிறைக் கையேடுகள் அதைக் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை. துப்புரவு வேலைக்கு மேதர், ஹரி சாதிக் கைதிகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது மேற்கு வங்க விதி. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்ததற்கு, மோதலைத் தவிர்க்கத்தான் என்று அரசு சொன்ன விளக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது.

இதழாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளைச் செல்லாதென்றது. பாளையங்கோட்டை விளக்கத்தையும் நிராகரித்தது. மூன்று மாதத்தில் கையேடுகளைத் திருத்தவும், பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்கவும் ஆணையிட்டது.

வகுப்புவாரி உரிமையை வீழ்த்த ஆறு மாதம் போதுமாயிருந்தது. சிறைக்குள் கட்டாயமாகத் திணிக்கப்பட்ட துடைப்பத்தை வீழ்த்த 74 ஆண்டுகள் ஆயின. இரண்டுக்கும் அரசமைப்பு ஒன்றுதான். வழக்கறிஞரை அமர்த்த வசதியுள்ளவர்களுக்கு நீதிமன்றக் கதவு பக்கத்தில் இருந்தது. துடைப்பம் பிடித்தவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

மாணவத் தோழர்களே, நம்மை ஆளும் விதிகள் பலவும் யாரும் புரட்டாத கையேடுகளில் கிடக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வரி வரியாகப் படியுங்கள். செல்லாத விதி கண்ணில் பட்டால், இன்னொரு 74 ஆண்டு காத்திருக்க வேண்டாம்.