முன்ரோவின் குறிப்பும் ஏரியூர் வகுப்பறையும்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்திற்குத் தெற்கே அமைந்திருப்பது ஏரியூர். அதனை அடுத்த நாகமரையில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பின்பகுதி கரையைத் தொட்டு நிற்கும். நாகமரைத் துறையில் படகேறினால் எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. 1925இல் தொடங்கப்பெற்று 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணைக்காக இப்பகுதியின் ஆற்றோரச் சிற்றூர்கள் பல நீருள் மூழ்கின. நீர்மட்டம் மிகத் தாழும் ஆண்டுகளில் பழைய கோயிலின் நந்தியும் கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் பண்ணவாடியருகே வெளிப்படுவதைக் காண மக்கள் திரள்வர்.

ஏரியூர்ப் பகுதியின் அரசுப் பள்ளி மாணவர் சமூக அறிவியல் பாடத்தில் மேட்டூர் அணையைப் பற்றிப் படிக்கிறார். அதன் முழு நீர்மட்டம் 120 அடி என்றும், கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றும் மனனம் செய்கிறார். ஆனால் தம் பாட்டனாரின் நிலம் எங்கே கிடந்தது, அந்தக் குடும்பங்கள் எங்கே பெயர்ந்தன என்ற வினாக்கள் தேர்வுத்தாளில் இடம்பெறுவதில்லை. அவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவர வல்லவர் ஆசிரியர் ஒருவரே. அவ்வாசிரியருக்கு நாம் அளித்துவரும் துணை யாது என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கு விடை தேடுவோர் இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. வியப்பு யாதெனில், அத்தேடல் நம்மை மீண்டும் தருமபுரிக்கே அழைத்து வருகிறது.

பாராமகாலில் பயின்றவர்

ஹைதர் அலியின் ஆட்சியிலும் பின்னர் திப்பு சுல்தானின் ஆட்சியிலும் இருந்த பாராமகால் நிலப்பரப்பு, 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. அதனை நிருவகிக்க அனுப்பப்பட்ட கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் முன்ரோ. 1799 வரை இப்பகுதியில் பணியாற்றிய அவர் தருமபுரியில் தங்கியிருந்தார். ஊர் ஊராகச் சென்று நிலத்தையும் உழவரையும் அறிந்துகொண்டார். இரயத்துவாரி முறையின் தொடக்கப் பாடங்களை அவர் கற்றது இங்கேதான்.

1820இல் சென்னை மாகாண ஆளுநரான முன்ரோ, 1822 ஜூன் மாதத்தில் மாவட்டக் கலெக்டர்கள் அனைவரிடமும் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய விவரம் கேட்டார். அவ்விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச் 10ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பு கல்வி வரலாற்றில் புகழ் பெற்றது. ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தமை அதனால் தெரிய வந்தது. காந்திய அறிஞர் தரம்பால் 1983இல் இவ்வாவணங்களை நூலாக வெளியிட்ட பின்னர் அவ்வெண்கள் பலராலும் எடுத்தாளப்பட்டன. ஆங்கிலேயருக்கு முன்னர் நாம் கல்லாதிருக்கவில்லை என்பதற்கு அவை சான்றாயின.

எனினும் அக்குறிப்பின் பிற்பகுதி போதிய அளவு பேசப்படவில்லை. கல்வி தாழ்ந்திருப்பதற்குக் காரணம் யாது என முன்ரோ ஆராய்கிறார். ஆதரவு குறைவு, மக்களின் வறுமை ஆகியவற்றைக் கூறிவிட்டு, அவர் ஆசிரியரிடம் வருகிறார். ஆசிரியரின் மாத வருவாய் ஆறு, ஏழு ரூபாயைத் தாண்டுவதில்லை. தகுதியுடையோரை இப்பணிக்கு ஈர்க்க இத்தொகை போதாது. ஆசிரியர்களே போதிய அறிவு பெறாதிருப்பதும் பள்ளி வளராமைக்கு ஒரு காரணம். இவையே அவர் கண்ட முடிவுகள்.

ஆகவே அவர் முன்வைத்த திட்டம் ஆசிரியரை மையமாகக் கொண்டிருந்தது. சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு நிலையம். ஒவ்வொரு கலெக்டர் எல்லையிலும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரு பள்ளிகள். அவற்றின் ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். தாசில்தார் எல்லைதோறும் ஒரு பள்ளி, அதன் ஆசிரியருக்கு 9 ரூபாய். அனைத்திற்குமான ஆண்டுச் செலவு 48,000 ரூபாய். கலெக்டர் எல்லைப் பள்ளிகள் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சமமான எண்ணிக்கையில் திட்டமிடப்பட்டதை நம் வாசகர்கள் கருத்திற்கொள்ளலாம்.

1827இல் முன்ரோ காலமானார். தொடங்கப்பெற்ற பள்ளிகள் போதிய மேற்பார்வையின்றித் தளர்ந்தன. ஆங்கிலக் கல்விக்கே அரசின் பணம் என்ற கொள்கை வெற்றி பெற்றபின், 1836இல் அவை கைவிடப்பட்டன. பத்தாண்டுகள்கூட ஒரு திட்டம் வேர்விடக் காத்திருக்கவில்லை. ஆசிரியருக்கான ஏற்பாடு முற்றுப்பெறும் முன்பே கொள்கையை மாற்றிவிடும் வழக்கத்திற்கு நம் மாகாணத்தில் இது ஒரு பழைய சான்றாகும்.

பாடம் பெயர் பெற்ற வரலாறு

‘சமூகப் பாடம்’ என்ற கருத்து அமெரிக்காவில் 1916ஆம் ஆண்டின் குழு அறிக்கை ஒன்றால் உருப்பெற்றது. இந்தியாவில் அதற்கு இடம் அளித்தது 1952-53ஆம் ஆண்டின் இடைநிலைக் கல்விக் குழுவாகும். அதன் தலைவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாகக் கற்பிக்காமல், மாணவர் தாம் வாழும் சமூகத்தைப் புரிந்துகொள்ளும் வகையில் ஒருங்கிணைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது அக்குழுவின் எண்ணம்.

நடைமுறையில் என்ன நிகழ்ந்தது? நான்கு பாடங்களும் ஒரே அட்டைக்குள் வந்தன, ஆனால் ஒன்றோடொன்று கலக்கவில்லை. வரலாற்றில் பட்டம் பெற்ற ஆசிரியர் பருவக்காற்றையும் பாறை வகைகளையும் விளக்க வேண்டும். புவியியல் பயின்றவர் முகலாயர் ஆட்சியையும் பிரெஞ்சுப் புரட்சியையும் கற்பிக்க வேண்டும். இருவருமே பணவீக்கத்தையும் அரசமைப்பையும் எடுத்துரைக்க வேண்டும். தாம் கல்லூரியில் கல்லாதவற்றைக் கற்பிக்கும் இச்சுமையை ஈடுசெய்யத் தொடர்ச்சியான துணை தேவை. அதுவே நமது ஏற்பாட்டில் நலிந்த கண்ணியாகும்.

நல்லெண்ணம் இல்லாமலில்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையால் மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. 1994இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, தமிழகத்தில் முதற்கட்டமாகத் தெரிவு செய்யப்பட்ட மாவட்டங்களுள் தருமபுரியும் ஒன்று. அதன் வழியே வட்டார வள மையங்கள் பிறந்தன. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் ஆகிய நான்கு பாடத்திட்டங்களும் ஒன்றாயின. வழக்கெழுந்து, 2011 ஆகஸ்ட் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. 2018 முதல் மீண்டும் புதிய பாடநூல்கள். அவற்றின் அச்சும் படங்களும் முன்னைய நூல்களைவிடச் சிறந்தவை. அவற்றிலுள்ள செய்திகளின் அளவும் கூடியது.

எட்டாண்டு இடைவெளியில் இருமுறை நூல் மாறியது. ஒவ்வொரு முறையும் ஆசிரியருக்குக் கிடைத்தது சில நாள் பயிற்சி. மாநில அளவில் சிலர் கற்று, மாவட்டத்தில் சிலருக்குரைத்து, அவர்கள் வட்டாரத்தில் உரைத்து, இறுதியில் ஆசிரியரை வந்தடையும்போது பொருள் மெலிந்துவிடுகிறது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரின் வலிமையை ஆராயப் பழகிய நமக்கு இக்குறையை விளக்க வேண்டுவதில்லை.

சட்டம் கூறுவது

2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இத்துறையில் ஒரு நற்செயலைச் செய்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் அறிவியலும் கணிதமும், சமூகப் பாடம், மொழி ஆகிய ஒவ்வொன்றிற்கும் குறைந்தது ஓர் ஆசிரியரேனும் இருத்தல் வேண்டும் என அதன் அட்டவணை விதிக்கிறது. அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆசிரியர்களைக் கல்வி சாராப் பணியில் ஈடுபடுத்தலாகாது எனத் தடுத்து, மூன்றற்கு விலக்களிக்கிறது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல்.

இம்மூன்றுமே சமூக அறிவியல் நூலின் பாடங்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டின் கணக்கெடுப்பை வீடு வீடாகச் சென்று நடத்துபவர் ஆசிரியர். வாக்குச்சாவடியில் அமர்ந்து மக்களாட்சியை நடத்திக் காட்டுபவரும் அவரே. அந்த அனுபவச் செல்வத்தை வகுப்பறைக்குக் கொண்டுவர அவருக்கு நேரமோ ஊக்கமோ தரப்படுவதில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வுண்டு, ஆய்வுக்கூடம் உண்டு. சமூக அறிவியலுக்கு ஊரே ஆய்வுக்கூடம். ஆயினும் தேர்வின் கண்ணில் அது ஏட்டுப் பாடமாகவே நிற்கிறது.

இப்னு கல்தூன் கண்ட பிணி

சமூகத்தை ஆராய்வதற்கெனத் தனிக்கலை ஒன்றினை ‘இல்முல் உம்ரான்’ எனப் பெயரிட்டு வகுத்தவர் இப்னு கல்தூன். ஹிஜ்ரி 779, கி.பி. 1377இல் அவர் எழுதி முடித்த முகத்திமாவில் கற்பித்தலைப் பற்றிய இயல்கள் உள்ளன. ஒரு கலையை மும்முறை சுற்றிவந்து கற்பிக்க வேண்டும் என்கிறார். முதலில் பொதுக் கருத்துகள், அடுத்து விளக்கமும் கருத்து வேறுபாடுகளும், இறுதியில் நுட்பங்கள். நிறைந்த பொருளைச் சிறிய சொற்களுள் திணித்த சுருக்க நூல்கள் மாணவருக்குத் தீங்கு செய்யும் என எச்சரிக்கிறார். மக்ரிபில் பதினாறு ஆண்டுகள் மதரஸாவில் அமர்ந்தும், வாய் திறந்து உரையாடாமல் மனனத்திலேயே காலம் கழித்த மாணவர்களுக்குக் கலையின் ‘மலகா’, அதாவது ஊறிய திறன், கைகூடவில்லை என வருந்துகிறார். இந்நோய்க் குறிகள் நம் காலத்துச் சமூக அறிவியல் வகுப்பிற்கும் பொருந்துவனவே.

இவ்விடத்தில் அரசுப் பள்ளியை மட்டும் குறைகூறி நிறுத்துவது நேர்மையன்று. நம் அரபுக் கல்லூரிகள் பின்பற்றிவந்த பழைய பாடமுறையில் தர்க்கத்திற்கு இடம் இருந்த அளவு வரலாற்றிற்கும் புவியியலுக்கும் இருந்ததில்லை. நான் மதரஸாவில் ஓதிய ஆண்டுகளில் வகுப்பறைச் சுவரில் ஒரு நிலப்படத்தைக் கண்டதாக நினைவில்லை. பத்ரையும் தபூக்கையும் பலமுறை உச்சரித்தேன். அவை மதீனாவிலிருந்து எத்திசையில், எத்தனை தொலைவில் உள்ளன என்பதை முதுகலை பயில்கையில் ஒரு நூலகத்து வரைபடத்தில்தான் முதன்முதலாகக் கண்டேன். அன்று என் ஆசிரியர்களை நான் குறை கூறவில்லை. அவர்களுக்கும் யாரும் ஒரு வரைபடத்தைத் தந்திருக்கவில்லை.

செய்யத்தக்கவை

செய்ய வேண்டியவை பெருஞ்செலவினவல்ல. வட்டாரந்தோறும் உள்ளூர் வரலாற்றுக் கையேடு ஒன்று ஆசிரியர்களாலேயே தொகுக்கப்பட வேண்டும். ஏரியூர் வட்டாரத்துக் கையேட்டில் மேட்டூர் நீரில் மூழ்கிய ஊர்களின் பெயர்களும், முதியோரின் வாய்மொழிகளும், தருமபுரி மாவட்டத்திற்குப் புகழ் சேர்க்கும் நடுகற்களும் இடம்பெறலாம். தருமபுரி அருங்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்ல ஆண்டிற்கொரு பயணச் செலவு வழங்கப்படலாம். வரலாறு பயின்ற ஆசிரியரும் புவியியல் பயின்ற ஆசிரியரும் மாதந்தோறும் கூடி ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொள்ள வள மையத்தில் ஒரு நாள் ஒதுக்கப்படலாம். நம் ஜமாஅத்துகளும் தம்மிடமுள்ள பழைய பள்ளிவாசல் ஆவணங்களையும் கல்வெட்டுகளையும் அருகிலுள்ள பள்ளி ஆசிரியருக்குக் காட்டி உதவலாம். தம் ஊரின் வரலாற்றில் எல்லாச் சமூகத்தாருக்கும் பங்குண்டு என்பதைக் கண்ணாரக் கண்டு வளரும் பிள்ளை பிறரின் பொய்யுரைக்கு எளிதில் இரையாகாது.

முன்ரோவின் திட்டத்தில் அந்நிய ஆட்சியின் நலன்களும் கலந்திருந்தன. அதனை மறைக்க வேண்டியதில்லை. எனினும் தருமபுரி மண்ணில் நடந்து பழகிய அவர், பாடத்தை மாற்றுமுன் ஆசிரியரின் நிலையை வினவினார். 1836இல் கைவிடப்பட்ட அவ்வினாவை நாம் மீண்டும் எழுப்புவது கடமையாகும். நாகமரைக் கரையில் நீர் வற்றி, மூழ்கிய கோபுரம் தலைகாட்டும் அடுத்த கோடையில், ஏரியூர் ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களை அழைத்துச் சென்று அதனைக் காட்டுவதற்கு அரை நாள் அனுமதியும் ஒரு வண்டியும் கிடைக்குமாயின், அதுவே ஒரு நல்ல தொடக்கமாக அமையும்.