பியூச்சரா (தடித்த எழுத்துரு)

பியூச்சரா என்பது வட்டம், முக்கோணம், சதுரம் ஆகிய வடிவங்களை அடிப்படையாகக் கொண்ட, முனைக்கோடுகள் அற்ற இலத்தீன் எழுத்துரு ஆகும். இது செருமானியரான பால் ரென்னரால் வடிவமைக்கப்பட்டு, 1927 ஆம் ஆண்டில் பிராங்க்ஃபுர்ட் நகரின் பாவர் அச்செழுத்து வார்ப்பகத்தால் வெளியிடப்பட்டது.

வடிவமைப்பு

இதன் கோடுகள் ஒரே தடிப்புடையனவாகத் தோன்றினும் உண்மையில் அவ்வாறல்ல. வளைவும் நேர்கோடும் இணையும் இடங்களில் தடிப்புக் குறைக்கப்பட்டுள்ளது. இல்லையெனில், குறிப்பாகத் தடித்த வகையில், அவ்விடங்கள் கறுத்துத் திரண்டு தெரியும். எனவே இவ்வெழுத்துரு கவராயத்தை மட்டுமன்றிக் கண்ணையும் அளவுகோலாகக் கொண்டது எனலாம்.

பயன்பாடு

தடித்த வகை தலைப்புகள், சுவரொட்டிகள், விளம்பரங்கள் ஆகியவற்றுக்கு ஏற்றது. எழுத்துகளின் உள்வெளி குறுகிவிடுவதால் சிறிய அளவிலான நீண்ட பத்திகளுக்கு ஏற்றதன்று. அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர் தம் படைப்புகளில் இதன் தடித்த சாய்வு வகையைப் பயன்படுத்தியுள்ளார். 1969 இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த நினைவுத் தகட்டின் வாசகமும் பியூச்சராவிலேயே பொறிக்கப்பட்டது.