தாதியர் உயர்கல்வி: கட்டிலருகும் வகுப்பறையும்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டி நிறைவுறுகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. இவற்றுள் நோய் தீர்ப்பவரின் கல்வியைப் பற்றி உலகம் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளது. நான்காமவரின் கல்வியோ அண்மைக்கால வரலாறே. இரக்கமுள்ள நெஞ்சும் களைப்பறியாத கைகளும் இருந்தால் போதும், அவருக்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்னும் எண்ணமே பலகாலம் நிலவியது. இன்று முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் தாதி ஒருவர், எந்தக் கல்விக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று திகைக்கும் அளவுக்கு வாய்ப்புகள் பெருகியுள்ளன. அத்திகைப்பைத் தீர்க்க, அப்பட்டம் பிறந்து வளர்ந்த வரலாறே நல்ல துணையாகும்.

கிரிமியப் போர்க்களத்தில் காயமுற்ற வீரர்களைப் பேணிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் மக்கள் திரட்டிய நிதி ஏறத்தாழ 45,000 பவுன். அந்நிதியைக் கொண்டு 1860ஆம் ஆண்டில் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. மருத்துவமனைக்குள் இயங்கினும் அப்பள்ளிக்கெனத் தனி நிதி இருந்தது. இச்சிறு செய்தி பின்னாளில் பெரும் பொருளுடையதாயிற்று. 1873ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க், நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய மூன்று நகரங்களில் இம்முறையைத் தழுவிய பள்ளிகள் தோன்றின. ஆனால் தனி நிதி என்னும் அடித்தளம் அங்கு நிலைக்கவில்லை. பள்ளிகள் மருத்துவமனைகளின் உடைமையாயின. மாணவியர் சம்பளம் வேண்டாத பணியாளராயினர். பகல் முழுவதும் நோயாளர் கூடத்தில் உழைத்து, இரவில் தூக்கக் கண்களோடு பாடம் கேட்பதே அவர்களின் கல்வியாயிற்று.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் இசபெல் ஹேம்டன் ராப், அடிலெய்டு நட்டிங் என்னும் இரு பெண்மணிகள் முதன்மையானவர்கள். முன்னவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைத் தாதியர் பள்ளியின் முதல் தலைவி. பின்னவர் 1891இல் அப்பள்ளியில் தேறிய முதல் அணியைச் சேர்ந்தவர். மாணவியர்க்கு நன்கு கற்பிக்க வேண்டுமாயின், கற்பிப்பவர் முதலில் நன்கு கற்றிருக்க வேண்டும் என்பது அவர்களின் துணிபு. அக்கல்வியைத் தரும் இடம் அக்காலத்தில் எங்கும் இல்லை. எனவே இசபெல் அம்மையாரின் முயற்சியால் 1899ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்ற தாதியர்க்கென ஒரு படிப்பு தொடங்கியது. 1907இல் நட்டிங் அம்மையார் அங்கே பேராசிரியரானார். உலகில் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் தாதி அவரே. தாதியரின் உயர்கல்வி மருத்துவக் கல்லூரியில் பிறவாமல் ஆசிரியர் கல்லூரியில் பிறந்தது என்பது ஆசிரியப் பெருமக்கள் எண்ணி மகிழத்தக்க செய்தியாகும்.

1923ஆம் ஆண்டு மற்றொரு திருப்புமுனை. தாதியர் பள்ளிகளை ஆராய்ந்த கோல்ட்மார்க் அறிக்கை அவ்வாண்டில் வெளிவந்தது. மருத்துவமனையின் தேவைக்கும் மாணவியின் கல்விக்கும் மோதல் நேரும்போதெல்லாம் கல்வியே தோற்றுப்போகிறது என்பதை அது சான்றுகளோடு எடுத்துரைத்தது. அதே ஆண்டில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு யேல் பல்கலைக்கழகம் தனக்கெனத் தாதியர் கல்விக்கூடம் ஒன்றை நிறுவியது. அதன் முதல் தலைவர் ஆனி குட்ரிச் அம்மையார். மாணவியின் நேரத்தை மருத்துவமனையின் வேலை அட்டவணை வகுக்காமல் பாடத்திட்டமே வகுத்தது. 1934 முதல் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டு முதுநிலைப் பட்டம் வழங்கும் நிலைக்கு அது உயர்ந்தது.

ஒரு சிக்கல் தீர்ந்த இடத்தில் வேறொரு சிக்கல் முளைத்தது. அக்கால முதுநிலைப் படிப்புகளில் பெரும்பாலானவை கற்பித்தலுக்கும் நிர்வாகத்துக்கும் உரியனவாகவே இருந்தன. திறமை மிக்க தாதி மேற்படிப்புக்குச் சென்றால் பட்டத்தோடு திரும்பி அலுவலகத்திலோ வகுப்பறையிலோ அமர்ந்தார். நோயாளியின் கட்டிலருகே அவர் மீண்டும் நிற்கவில்லை. கல்வி உயர உயர நோயாளி தொலைவாகிப் போனார். இக்குறையை உணர்ந்தவர் ஹில்டகார்ட் பெப்லாவ் அம்மையார். நோயாளிக்கும் தாதிக்கும் இடையே வளரும் உறவே மருந்தாகும் தன்மையை விளக்கி 1952இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். கொலம்பியா ஆசிரியர் கல்லூரியில் பயின்று அங்கேயே கற்பித்த அவர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1954இல் மனநலத் தாதிமையில் முதுநிலைப் படிப்பு ஒன்றை அமைத்தார். நோயாளியை நேரில் பேணுவதிலேயே வல்லுநரை உருவாக்குவது அதன் நோக்கம். மேற்படிப்பு பெற்றவர் கட்டிலருகே திரும்பும் பாதை இவ்வாறு திறந்தது.

இந்தியாவின் வரலாறு வேறொரு வறுமையிலிருந்து தொடங்குகிறது. 1943இல் அமைக்கப்பெற்ற போர் குழு 1946இல் அளித்த அறிக்கை, நாட்டில் 43,000 மக்களுக்கு ஒரு தாதி என்னும் விகிதத்தில் ஏறத்தாழ 7,000 தாதியரே உள்ளனர் என்று காட்டியது. இத்துணைப் பற்றாக்குறை நிலவியபோது விரைவில் பலரைப் பயிற்றி அனுப்பினால் போதாதா, பட்டப்படிப்பு எதற்கு என்று கேட்பது எளிது. ஆயினும் ஆயிரக்கணக்கானோரைப் பயிற்ற வேண்டுமெனில் அவர்களைப் பயிற்றும் ஆசிரியர் வேண்டுமல்லவா? அந்த 1946ஆம் ஆண்டிலேயே டில்லியிலும் வேலூரிலும் தாதியர்க்கான இளங்கலைப் பட்டப்படிப்புகள் தொடங்கின. முதுநிலைப் பட்டம் வேண்டுவோர் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் கடல் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. விடுதலை இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரான ராஜகுமாரி அம்ரித் கௌரின் பெயரைத் தாங்கிய டில்லிக் கல்லூரி 1959இல் நாட்டின் முதல் முதுநிலைத் தாதியர் படிப்பைத் தொடங்கியது. அதன் பின்னரே ‘எங்கே படிப்பது’ என்னும் வினாவுக்கு இந்திய மண்ணில் ஒரு விடை கிடைத்தது.

இரண்டாவது விடை தமிழ்நாட்டிலிருந்து வந்தது. இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் உருவாக்கிய மருத்துவமனையில் 1909ஆம் ஆண்டு முதல் தாதியர் பயிற்சி நடைபெற்று வந்தது. 1946இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டமும், 1960களின் இறுதியில் முதுநிலைப் படிப்பும் அங்கு வந்தன. வேலூரின் சிறப்பு மருத்துவமனைப் பணியையும் கற்பித்தலையும் பிரிக்காமல் வைத்திருப்பதாகும். பாடம் நடத்துபவர் நோயாளர் கூடத்திலும் பொறுப்பேற்கிறார். முற்பகலில் வகுப்பில் கூறியது பிற்பகலில் நோயாளியிடம் பயன்படுகிறதா என்பதை மாணவியின் கண்முன்னே அவர் காட்டியாக வேண்டும். இதனினும் கடுமையான தேர்வு ஓர் ஆசிரியருக்கு இருக்க இயலாது.

சிங்கப்பூரில் 1885ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில் பிரெஞ்சுக் கன்னியர்கள் பொது மருத்துவமனையில் பணியேற்றதே தாதியர் பணியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அந்நாளே இங்குத் தாதியர் தினம். முதுநிலைப் படிப்பு சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2003இல் வந்தது. மேம்பட்ட நிலைத் தாதியரை உருவாக்குவதே அதன் இலக்கு. பட்டம் பெற்றவுடன் அப்பெயரைச் சூடிக்கொள்ள இயலாது. மருத்துவமனையில் பயிற்சி பெற்று மதிப்பீட்டிலும் தேற வேண்டும். ரட்கர்சில் 1954இல் விதைத்த கருத்து நெடுந்தொலைவு கடந்து இங்கே சட்டமாகவே வேர்கொண்டது எனலாம்.

இவ்வரலாறு கல்விக்கூடம் தேடும் தாதிக்குச் சில வினாக்களைக் கற்றுத் தருகிறது. மாணவரின் நேரத்துக்கு உரிமையாளர் யார், கல்விக்கூடமா, மருத்துவமனையா? இது கோல்ட்மார்க் அறிக்கை எழுப்பிய வினா. கற்பிப்போர் இன்றும் நோயாளரைத் தொட்டுப் பேணுகின்றனரா? இது வேலூர் எழுப்பும் வினா. படிப்பு முடிவில் அவர் ஆசிரியராவாரா, நிர்வாகியாவாரா, நோயாளியைப் பேணும் வல்லுநராவாரா? இது பெப்லாவ் அம்மையாரின் வினா. இம்மூன்றோடு நடைமுறை சார்ந்த நான்காம் வினாவும் உண்டு. தாம் பணியாற்றப் போகும் நாட்டின் தாதியர் வாரியம் அப்பட்டத்தை ஏற்குமா என்பதே அது. ஓரிடத்தில் பெற்ற பட்டம் பிறிதோரிடத்தில் தானாகவே செல்லுபடியாகும் என்று நம்பிப் பொருளையும் ஆண்டுகளையும் இழப்பது பெருந்துயரம். சேர்வதற்கு முன்னரே வாரியத்திடம் எழுத்து வழியாக விடை பெறுதல் அறிவுடைமையாகும்.

கட்டடத்தின் உயரம், பெயரின் புகழ், தரவரிசையின் எண் ஆகியவை இவ்வினாக்களுக்குப் பின்னரே வருதல் வேண்டும். 1899இல் ஆசிரியர் கல்லூரியின் வாயிலில் நுழைந்த தாதியர்க்குத் தேர்வு செய்ய வேறு இடமே இல்லை. இருந்த ஒன்றையும் போராடித்தான் பெற்றனர். இன்றைய தாதியின் முன்னே பல வாயில்கள் திறந்து கிடக்கின்றன. அவற்றுள் எது மாணவரை நோயாளியின் அருகே மேலும் தெளிந்த அறிவோடு திருப்பி அனுப்புகிறதோ, அதுவே சிறந்த கல்விக்கூடம். வள்ளுவர் மருத்துவத்தின் ஒரு கூறாக வைத்த அந்த நான்காமவரின் இடம் நோயாளியின் அருகே என்பதை எத்தனை பட்டங்கள் பெறினும் மறத்தலாகாது.