வெட்டுவதும் மறைப்பதும்: போட்டோ மாஸ்க்கின் கதை

அப்துல் கலாம் ஐயாவின் படத்தைப் பின்னணியிலிருந்து தனியாகப் பிரித்துத் தரச் சொல்லிப் பாருங்கள். டிசைன் செய்பவரின் பொறுமை எவ்வளவு என்று தெரிந்துவிடும். காதை மூடி இறங்கும் அந்த வெள்ளை முடி! முகத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினால் தொப்பி மாட்டியதுபோல் ஆகிவிடும். 2015 ஜூலை 30 அன்று அவரைப் பேய்க்கரும்பில் அடக்கம் செய்த நாட்களில், எங்கள் ராமேஸ்வரம் முழுக்க அவர் படம்தான். சில ஃப்ளெக்ஸ்களில் முடி இயல்பாக இருந்தது. சிலவற்றில் "வெட்டு" அப்பட்டமாகத் தெரிந்தது.

இந்த வேலைக்கு வயசு அதிகம் நண்பர்களே. 1858-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். அன்றைய காகித நெகட்டிவில் வானம் சரியாக விழாது, திட்டுத்திட்டாகக் கறை படியும். மனுஷன் என்ன செய்தார்? நெகட்டிவில் வானம் இருக்கும் பகுதியின் மேல் வண்ணம் பூசி மறைத்தார். அவருடைய சில படங்களில் உள்ள மேகம் தூரிகையால் போட்ட மேகம்! போட்டோஷாப்புக்கு 130 வருஷம் முன்னாடியே மாஸ்க் வந்தாச்சு :-)

பிறகு ஆப்செட் அச்சகங்களில் சிவப்பு ஃபிலிம் வந்தது. தெளிவான தாளின் மேல் மெல்லிய சிவப்புப் படலம். வேண்டிய வடிவத்துக்கு பிளேடால் கீறி உரித்தால், சிவப்பு இருக்கும் இடத்தில் ஒளி போகாது. படத்தின் ஃபிலிமில் கை வைக்க வேண்டியதே இல்லை. போட்டோஷாப்பில் குயிக் மாஸ்க் போட்டால் திரையில் சிவப்பாகத் தெரிகிறதே, அது அந்த ஃபிலிமின் நினைவுதான்.

முடிப் பிரச்சினைக்குக் கணக்கு கண்டுபிடித்தவர்கள் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர், 1970-களின் கடைசியில், நியூயார்க்கில். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு இல்லையா? அதோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பெயர் ஆல்ஃபா. இந்தப் புள்ளி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அது சொல்லும். 0 என்றால் தெரியாது, 255 என்றால் முழுசாகத் தெரியும், 128 என்றால் பாதி. முடியின் நுனி இந்தப் பாதியில்தான் இருக்கிறது. கத்தரிக்கோலுக்கு அது எட்டாது.

1990-ல் நால் சகோதரர்களின் போட்டோஷாப் வந்தது. ஆனால் லேயர் வந்தது 1994-ல், மூன்றாம் பதிப்பில்தான். அதுவரை ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டிவிட்டால் கீழே இருந்தது போச்சு. லேயரும் அதன் மாஸ்க்கும் வந்த பிறகு மறைத்ததைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளைக் காப்பாற்றும் கோரல்டிராவின் பவர்கிளிப்பும் இதே தர்மம்தான். வட்டத்துக்குள் முகம் மட்டும் தெரியும், முழுப் படமும் உள்ளே பத்திரமாக இருக்கும்.

நான் பி.காம். என்பதால் எனக்கு இது பேரேடாகத்தான் தெரிகிறது. தப்பாக எழுதிய பதிவை யாரும் அழிக்க மாட்டார்கள், திருத்தப் பதிவு ஒன்று போடுவார்கள். மாஸ்க் அந்தத் திருத்தப் பதிவு. கிராப் மட்டும் பல காலம் ரப்பர் வைத்து அழிப்பதாகவே இருந்தது. அன்றைக்கு அதற்கு நியாயமும் உண்டு. கணினியில் நினைவகமே சில மெகாபைட்தான், வேண்டாததைச் சுமக்க இடமில்லை. 2007-ல் லைட்ரூம் வந்தபோது கிராப் என்பது வெறும் குறிப்பாகியது, அசல் கோப்பை அது தொடுவதே இல்லை. 2012-ல் போட்டோஷாப் சிஎஸ்6-ல் வெட்டிய பகுதியை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று நாமே தேர்ந்தெடுக்க ஒரு டிக் பெட்டி வந்தது. இப்போது ஒரே தட்டில் ஆளைப் பிரித்தெடுக்கும் வித்தையும் வந்துவிட்டது. முடிகூடப் பெரும்பாலும் தப்பிக்கிறது.

ஆனால் பின்னணி தப்பிப்பதில்லை. எங்கள் ஊருக்கு இது சும்மா டெக்னிக்கல் சமாச்சாரம் இல்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போய்விட்டது. 1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் போன துறை, ரயில் நிலையம், எல்லாம். அந்த ஊரில் நின்று எடுத்த படம் ஒன்று யாரோ ஒரு பாட்டி வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று வையுங்கள். தாத்தாவின் நினைவஞ்சலி போஸ்டருக்கு அது கடைக்கு வருகிறது. கடைக்குத் தேவை முகம். ஸ்கேன் செய்து, முகத்தை மட்டும் கிராப் செய்து, அதே பெயரில் ஜேபெக்காக சேவ்! ஜேபெக்கில் லேயரும் இல்லை, மறைந்திருக்கும் பகுதியும் இல்லை. தாத்தாவுக்குப் பின்னால் நின்ற தெரு போயே போச்சு. காகிதப் படமோ உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்கும்?

மென்பொருள் செய்பவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். கிராப் என்றால் மறைப்பதுதான் என்று வையுங்கள், அழிக்க வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். கிராப் செய்த ஜேபெக்கைப் பழைய பெயரிலேயே சேமிக்கப் போனால் ஒரு தடவை தடுத்து நிறுத்துங்கள். அது வரும்வரை, பழைய படத்தோடு கடைக்குப் போகிறவர்கள் "அண்ணே, முதல்ல ஓரம் வரைக்கும் முழுசா ஒரு ஸ்கேன் எடுத்துப் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்க, அப்புறமா வெட்டுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.