சாமி கணக்கையே கல்லில் எழுதி வைத்தவர்கள் நாம்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் கீழ்பென்னாத்தூர் பக்கம் சிறுதொழில் செய்பவர்கள் நிறைய. நெல் மண்டி, மல்லாட்டை வியாபாரம், பால் எடுப்பது, பந்தல் போடுவது, சமையல் ஆர்டர் எடுப்பது என்று பல தொழில்கள். இவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். "ஏதாவது எழுதி வெச்சிருக்கியாப்பா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "எங்களுக்குள்ள எதுக்கு சார் அக்ரிமெண்ட்? எல்லாம் நம்பிக்கைதான்."

எழுதக் கேட்டாலே எதிரில் இருப்பவர் மனம் கோணுவார் என்று பயம். எழுதி வாங்குவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். வகுப்பில் வரலாறு நடத்தியவன் என்பதால் இதற்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். இராசராசன் காலத்தில் அங்கே நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் கொடுத்தார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு. அல்லது 48 பசு. அல்லது 16 எருமை. இவற்றை இடையர்களிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு ஈடாக அவர்கள் விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது கால் நாழி. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 91 நாழி.

இந்த மாதிரிக் கொடைகளில் வரும் ஆடுகளுக்குக் கல்வெட்டில் ஒரு பெயர் உண்டு: "சாவா மூவாப் பேராடு". சாகாத, கிழடாகாத ஆடு! மந்திரம் எதுவும் இல்லை, இது ஒரு வியாபார நிபந்தனை. ஆடு செத்தால், கிழடு தட்டினால், பிறக்கும் குட்டிகளைக் கொண்டு இடையர்தான் எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். கோயிலின் முதல் குறையாது. மிஞ்சிய பெருக்கம் இடையருக்கு. லாபம் யாருக்கு, நஷ்டம் யார் தலையில் என்பதை இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். இன்றைய வக்கீல் இதற்கு இரண்டு பக்கம் எழுதுவார்.

இன்னும் பாருங்கள். ஆடு பெற்றவர் பெயரும் ஊரும் கல்லில் இருக்கும். எத்தனை ஆடு, எவ்வளவு நெய், எத்தனை காலத்துக்கு என்று இருக்கும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பதைச் "சந்திராதித்தவல்" என்பார்கள். சில இடங்களில் இடையருக்காகப் புணைப்பட்டவர்கள், அதாவது நம் பேச்சில் ஜாமீன் நின்றவர்கள், பெயரும் உண்டு. அளவில் தகராறு வரக்கூடாது என்று அளவைக்கே பெயர் வைத்திருந்தார்கள். தஞ்சைக் கோயிலின் மரக்காலுக்கு "ஆடவல்லான்" என்று பெயர். கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடன் கொடுத்தபோது வட்டியையும் எழுதினார்கள். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. நூற்றுக்குப் பன்னிரண்டரை.

இதைப் பார்க்கத் தஞ்சாவூர் வரை போகவேண்டாம். அண்ணாமலையார் கோயில் சுவர்களிலும் விளக்குக் கொடைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-ல் நூலாகவே வெளியிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். சாமியை நம்பாமலா எழுதினார்கள்? கொடுத்தவரும் பக்தர், வாங்கியவரும் பக்தர். ஆனால் இருவரும் ஒருநாள் இருக்கமாட்டார்கள், விளக்கு எரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதினார்கள்.

அடுத்து, நமக்குப் பக்கத்தில் உள்ள திருவெண்ணெய்நல்லூர். சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரியும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதைச் சொல்லும் விதத்தை ஒரு வழக்காகப் படித்துப் பாருங்கள். கிழவர் ஓலையைக் காட்டுகிறார், சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். சபையார் மூல ஓலையைப் பார்க்கிறார்கள். பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஒரிஜினல் வேறு, ஜெராக்ஸ் வேறு என்பதும், கையெழுத்தை ஒப்பிடுவதும் அன்றே நம் மக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இதற்கும் முந்தியது ஒன்று வியன்னா நகரில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பாப்பிரஸ் சுவடி அது. 1985-ல் அச்சில் வந்தது. சேரநாட்டு முசிறி வணிகத்துக்காக வாங்கிய கடனைப் பற்றியது. செங்கடல் கரையில் இறங்கும் சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைப்பது, கிடங்கில் யார் முத்திரை இருக்கவேண்டும், தவணைக்குள் கடன் தீராவிட்டால் கொடுத்தவர் எதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாக வருகிறது. யானைத் தந்தமும் நறுமணப் பொருளும் போன வழியில் தாளும் கூடவே போயிருக்கிறது.

சரி, எழுதினால் மட்டும் நியாயம் வந்துவிடுமா? வராது. அதற்கும் வரலாற்றில் சாட்சி இருக்கிறது.

1859-ல் ஆங்கிலேயர் ஒரு சட்டம் போட்டார்கள். முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ வேலையை முடிக்காவிட்டால் அது குற்றம், மூன்று மாதம் வரை சிறை. வேலை கொடுத்தவர் பேச்சு தவறினால் அவருக்கு இந்தச் சட்டத்தில் சிறை இல்லை. 1925-ல்தான் அதை ரத்து செய்தார்கள். படிக்கத் தெரியாதவன் வைத்த கைநாட்டு அவன் கழுத்துக்கே கயிறானது.

அதே காலத்தில் இன்னொரு முறையும் இருந்தது. 1865-ஆம் ஆண்டு சென்னை மாகாணக் குத்தகைச் சட்டப்படி நிலச்சுவான்தார் பட்டா கொடுக்க வேண்டும், குடியானவர் முச்சலிக்கா எழுதித் தரவேண்டும். ஆளுக்கு ஒரு தாள். பட்டாவும் முச்சலிக்காவும் மாற்றிக்கொள்ளாமல் வாரத்துக்காக வழக்குப் போட முடியாது. நடைமுறையில் பெரியவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. ஆனாலும் "இரண்டு பக்கமும் தாள் இருக்கவேண்டும்" என்ற எண்ணம் நல்ல எண்ணம்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள். பெயரும் ஊரும் வேண்டாம். இரண்டு நண்பர்கள் சேர்ந்து பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடும் தொழில் நடத்தினார்கள். ஒருவர் பணம் போட்டார், மற்றவர் உழைத்தார். 14 ஆண்டுகள், ஒரு சண்டை கிடையாது. உழைத்தவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி பங்கு கேட்டார். "என்னம்மா, அவன் சம்பளத்துக்குத்தானே இருந்தான்" என்றார் நண்பர். இறந்தவரோ வீட்டில் தன்னைப் பங்குதாரர் என்றே சொல்லி வந்திருக்கிறார்.

இருவரையும் எனக்குத் தெரியும். இருவருமே பொய் பேசுகிறவர்கள் அல்ல. 14 ஆண்டும் இரண்டு பேர் மனதில் இரண்டு ஒப்பந்தங்கள் ஓடியிருக்கின்றன, அவ்வளவுதான். பெரியவர்கள் பேசி ஒரு தொகை வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் இன்று அந்த இரண்டு வீட்டாரும் கல்யாணத்துக்குக்கூட அழைத்துக்கொள்வதில்லை. நம்பிக்கை கெடும் என்று எழுதாமல் விட்டார்கள். எழுதாததால்தான் நம்பிக்கை கெட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 1872 ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் பெரும்பாலும் செல்லும், நிரூபிப்பதுதான் கஷ்டம். 1932 பங்குதாரர் சட்டப்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் லாபமும் நஷ்டமும் சரிசமம். ஒருவர் பத்து லட்சம் போட்டு மற்றவர் ஒரு லட்சம் போட்டிருந்தாலும் அப்படித்தான். உழைக்கும் பங்குதாரருக்குத் தனிச் சம்பளமும் கிடையாது. ஒருவர் இறந்தால் கூட்டு கலைந்துவிடும். இவை எல்லாவற்றையும் எழுத்தில் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். எழுதாவிட்டால் சட்டம் எழுதி வைத்ததுதான் நமக்கு.

சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலையும் சிறு உற்பத்தியாளர்களுக்கும் ஒரு தகவல். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். எழுத்தில் அதைவிட நீண்ட தவணை போட்டாலும் செல்லாது. தாமதமானால் வட்டியும் உண்டு.

என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு அந்த இடையர் கல்வெட்டே போதும். யார் யார், எந்த ஊர். யார் எவ்வளவு போட்டார். யார் என்ன வேலை செய்யவேண்டும். அளவும் தரமும் எதை வைத்து. பணம் எந்தத் தேதியில். நஷ்டம் வந்தால் யாருக்கு. எதுவரைக்கும். ஒருவர் விலகினால், இறந்தால் கணக்கு எப்படி. கடைசியில் இரண்டு பேர் கையெழுத்து, இரண்டு சாட்சி, ஆளுக்கு ஒரு பிரதி.

தமிழிலேயே எழுதுங்கள். எதிரில் இருப்பவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டில் மனைவிக்கும் ஒரு பிரதி இருக்கும் இடம் தெரியட்டும். பெரிய தொகை, நிலம், கட்டடம் என்றால் வக்கீலைப் பார்க்காமல் செய்யாதீர்கள்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் "எங்க வாத்தியார் எழுதச் சொன்னார்" என்று என் மேல் பழியைப் போடுங்கள். நான் தாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர், கீழ்பென்னாத்தூர்